இவாய்லோ லா சப்பலில் முடிசூடிய வரலாறு

பத்திநாதர் நாற்பத்தைந்து வயதுக்குள் பதினெட்டுத் தடவை செத்தவர். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பெருநாளுக்குப் பெருநாள் நாட்டுக்கூத்துப் போடுவார்கள். அரசர்கள் இரண்டு பக்கமும் நின்று விருத்தம் பாட, நடுவிலே வெட்டுப்பட்டு விழ ஒருவர் வேண்டுமே, அந்த ஒருவர் இவர். போர்வீரன், சிறைக்காவலன், தூதன், வேதசாட்சியோடு சேர்த்துக் கொல்லப்படும் பெயரில்லாத கிறிஸ்தவன் என்று வேடம் மாறுமே தவிர முடிவு மாறாது. நன்றாகச் சாவார். அவர் விழுந்தால் முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் அரச முடியை அவர் தொட்டதுகூட இல்லை. முடி வைக்கிற வீடுகள் என்று அந்த ஊரில் நாலு வீடு இருந்தது. பத்திநாதர் வீடு அந்த நாலில் இல்லை. ஐந்தாவது என்று ஒன்று வந்திருந்தால் அதிலும் இருந்திராது.

1984இல் பாரிசுக்கு வந்தார். புறநகரான செவ்ரானில் குடியிருந்துகொண்டு, கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். சட்டைப்பையில் செல்லுபடியான மாதச் சீட்டு இருக்கும்; இருந்தும், பரிசோதகர் ரயிலில் ஏறினால் அவருக்கு முதுகு நனைந்துவிடும். மனைவி மரியநாயகிக்கு இது விளங்குவதேயில்லை.

"ரிக்கற் எடுக்காதவனெல்லாம் நெஞ்சை நிமித்திக்கொண்டு இருக்கிறான். நீங்கள் ஏனப்பா களவெடுத்தவன் மாதிரி முழிக்கிறியள்?"

"அவர் தொப்பி போட்டிருக்கிறாரெல்லே."

தொப்பி, சீருடை, முத்திரை, மேசை, மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெண்: இவற்றில் எதைக் கண்டாலும் அவருடைய தோள் தானாகக் கீழே இறங்கும். அப்படிப்பட்டவர் ஒரு கலகத்துக்குத் தலைவரானார். அதற்குக் காரணம் ஒரு பல்கேரியர்.

பல்கேரியர் அதே சமையலறையில் காய்கறி வெட்டுகிறவர். தன் பெயரை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தும் பத்திநாதரின் நாக்கு இணங்காததால் பல்கேரியராகவே இருந்துவிட்டார். தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட ஓர் அரசிடமிருந்து உயிர் தப்பி ஓடிவந்த விவசாயி மகன். அந்த அரசு பள்ளிக்கூடத்தில் தனக்குப் படிப்பித்த அத்தனையும் பொய் என்று தள்ளிவிட்டவர், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இவாய்லோ.

இருவருக்கும் தெரிந்த பிரெஞ்சை ஒன்றாகக் கூட்டினாலும் தபால் கந்தோரில் ஒரு முத்திரை வாங்கக் காணாது. ஆகவே இவாய்லோவின் கதை அந்தச் சமையலறையில் மூன்று வாரம் நடந்தது. முதல் இரண்டு நாளும் பத்திநாதர் அது ஏதோ சமையற்குறிப்பு என்றே நினைத்திருந்தார். ஏனென்றால் பல்கேரியர் ஒரு சலாது இலைக்கட்டை உயர்த்திப் பிடித்து, நெஞ்சில் கை வைத்து, "இவாய்லோ!" என்றுதான் தொடங்கினார். கிரேக்கர்கள் அந்த வீரனுக்கு ஏளனமாக வைத்த பட்டப்பெயர் ஓர் இலைக்கறி என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் உருளைக்கிழங்குகள் குடியானவர்களாகவும், கத்திகள் தாத்தாரியர்களாகவும், விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் அரசனாகவும் மேசையில் அணிவகுத்தபோது கதை பிடிபட்டது.

ஆயிரத்து இருநூற்று எழுபத்தேழாம் ஆண்டு. தாத்தாரியர் குதிரையேறி வந்து பல்கேரிய வயல்களை எரித்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அரசன் கொன்ஸ்தந்தீன் கால் முறிந்தவன், வண்டியில்தான் போக்குவரத்து. அந்த வண்டி எங்கும் போகும், தாத்தாரியர் இருக்கிற பக்கம் மட்டும் போகாது. பன்றி மேய்க்கிற இவாய்லோ, தனக்குப் புனிதர்கள் காட்சி கொடுத்தார்கள் என்று சொல்லி ஆட்களைச் சேர்க்கிறான். தாத்தாரியரை அடித்துத் துரத்துகிறான். இதுவரை அசையாத அரசன் இப்போது படையோடு புறப்படுகிறான், இவாய்லோவை அடிக்க. வண்டியில் வைத்தே அரசனைக் கொல்கிறான் பன்றி மேய்ப்பன். விதவையான அரசி மரியா, புருஷனைக் கொன்றவனையே மணந்து முடியையும் கொடுக்கிறாள். பொறுக்காத கிரேக்கச் சக்கரவர்த்தி, ஆசென் என்று வேறொரு அரசனைப் படையோடு அனுப்புகிறான். கடைசியில் இவாய்லோ உதவி கேட்டுப் போன இடம் தாத்தாரியத் தலைவன் நொகாயின் கூடாரம். விருந்து வைத்தே கொன்றுவிட்டார்கள்.

பத்திநாதருக்குச் சாவில் ஒரு புதுமையும் தெரியவில்லை. அவருடைய சந்தேகம் வேறு. உருளைக்கிழங்கைக் காட்டினார், தன் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார், புருவத்தை உயர்த்தினார். பன்றி மேய்த்த அதே ஆளா முடி வைத்தது?

பல்கேரியர் கீரை வடிக்கிற ஓட்டைப் பாத்திரத்தை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இதோ பார் என்பதுபோல் "வுவாலா" என்றார்.

அடுத்த ஞாயிறு பத்திநாதர் அண்ணாவியார் வின்சன்றிடம் போனார். தமிழ்க் கடைகள் முளைத்துக்கொண்டிருந்த லா சப்பலில் அந்தக் காலத்தில் கூத்து எழுதிப் பழக்க ஆள் வின்சன்ற் ஒருவர்தான். பகலில் கந்தோர்கள் துடைப்பார். துடைப்பத்தின் தாளத்துக்கே விருத்தம் கட்டுவார். உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் போட ஒரு புதுக் கூத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்.

"அண்ணாவியார், ஒரு கதை கிடக்கு."

"புனிதரோ?"

"இல்லை, பண்டி மேய்ச்சவர்."

"வேதக்காரனோ?"

"ஓம். ஆனா எங்கடை வேதமில்லை. ஓர்தொடொக்ஸ்."

"அதை நான் விருத்தத்திலை சரிப்படுத்துறன். சண்டை இருக்கோ?"

"வேண்டிய அளவு கிடக்கு."

"கலியாணம்?"

"கிடக்கு. செத்த ராசாவின்ரை பெண்சாதியை."

அண்ணாவியார் உடனே கொப்பியைத் திறந்தார்.

கூத்து எழுதுவது இலகு. ஆள் பிடிப்பதுதான் வரலாறு. ஒத்திகைக்கு இடம் கொடுத்தவர் கடைக்கார அருட்பிரகாசம். அவருடைய கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கும் கருவாட்டுப் பெட்டிகளுக்கும் நடுவிலே பல்கேரியா அமைந்தது. அருட்பிரகாசம் அந்த நாலு வீட்டில் ஒரு வீடு. தகப்பன் ராசா வேடம், பாட்டன் ராசா வேடம். அவரும் கடையில் கத்தரிக்காய் நிறுக்கும்போதுகூடச் சபைக்கு முகம் காட்டித்தான் நிற்பார். ஆகவே இவாய்லோ அவர்தான் என்பதில் பேச்சே எழவில்லை. எழுந்த பேச்சு வேறு.

"அண்ணாவியார், உந்தப் பண்டித் தருப் பாட்டு எத்தனை?"

"ஏழு, அண்ணை. கோலும் கையுமாய் வரவு. பிறகு பண்டியளைக் கூப்பிடுற பாட்டு."

"நான் பண்டியைக் கூப்பிடவோ?"

மூட்டைகள்மேல் இருந்த எல்லாரும் கருவாட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள்.

வழி மரபிலேயே இருந்தது. விடிய விடிய ஆடுகிற கூத்தில் ஓர் ஆளின் தொண்டை விடியும்வரை தாங்காது என்று ஒரே பாத்திரத்தை இருவர் பங்குபோடுவார்கள்: முன் இராசா, பின் இராசா. பாரிசில் கூத்து மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்தில் எவருடைய தொண்டையும் போகாது. ஆனாலும் மரபு மரபுதானே. பன்றி மேய்த்து, சண்டை பிடித்து, அரசனைக் கொன்று, முடியைக் கழற்றி சின்ன மெத்தையில் வைத்து, ஒரு விருத்தம் பாடி நீட்டுவது முன் இவாய்லோ: பத்திநாதர். திரை விலக அலங்காரமாக வந்து அதே முடியைத் தலையில் வாங்குவது பின் இவாய்லோ: அருட்பிரகாசம். இப்படியாக, பன்றி மேய்ப்பவன் அரசனாகலாம் என்று நிரூபித்த ஒரே மனிதனின் கதையை, அது நடக்கவே முடியாத விதமாக அவர்கள் பிரித்து எடுத்தார்கள்.

அரசி மரியாவாகத் தவரத்தினம். கடையில் வேலை செய்கிறவர், சைவக்காரர், குரல் தேன். ஆனால் மீசையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த தற்காலிகக் கடதாசியில் அவருடைய படம் மீசையோடு இருந்தது. "மெத்ரோவிலை பொலிஸ் மறிச்சா ராணி வேசம் எண்டு சொல்லேலுமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அரசி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பாடுவதாக முடிவாயிற்று.

பத்திநாதர் ஒவ்வொரு ஒத்திகையிலும் முடியை மெத்தையில் ஏந்தி விருத்தம் பாடி நீட்டினார். மட்டையில் செய்து பொன்தாள் ஒட்டிய முடி. கொன்ஸ்தந்தீனுக்கும் இவாய்லோவுக்கும் அது ஒன்றுதான். நாலு வரி பாடுகிற நேரம் அவருடைய கையில் இருக்கும். ஒரு நாள் மரியநாயகி கேட்டாள்: "அதை ஒருக்கா வைச்சுப் பாக்கேல்லையே?"

"வைச்சா அவர் என்ன நினைப்பார்?"

"அவர் வைக்கேக்கை நீங்கள் என்ன நினைக்கிறியளெண்டு அவர் யோசிக்கிறாரே?"

 அன்று பத்திநாதர் வீட்டுக்குப் போகிற ரயிலை விட்டுச் சார்செல் போகிற வண்டியில் பிழையாக ஏறிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அவர் ஒரு பொய்யைச் சொன்னார். பொய்கூட இல்லை, பாதி உண்மை. "நீயா இவாய்லோ?" என்று பல்கேரியர் கண் கலங்கக் கேட்டபோது ஓம் என்று தலையாட்டி "வுய்" என்றார். முன் இவாய்லோ, பின் இவாய்லோ என்பதை விளக்க அவரிடம் பிரெஞ்சு இல்லை. இருந்திருந்தாலும் அதை ஒரு பல்கேரியருக்கு எந்த முகத்தோடு விளக்குவது?

1987ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. மாதா கோயில் மண்டபம் பிற்பகல் மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் தரப்பட்டிருந்தது. மண்டபச் சாவிகளின் திறப்புக்கோர்வையோடு வாசலில் மேசை போட்டு இருந்தவர் மதாம் ஜெர்மேன். மூக்குக்கண்ணாடி போட்டவர். ஆறு என்றால் ஆறு. பத்திநாதர் பின்கதவால் உள்ளே போனார்.

கூத்து மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. தமிழர் விழாவுக்கு அது முன்கூட்டித் தொடங்கியதற்குச் சமம். முன்வரிசையில் கழுத்துப்பட்டியோடு பல்கேரியர், பக்கத்தில் மனைவி, அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பல்கேரியர்கள்; நாலு பேரும் பூசைக்கு வந்தவர்கள்போல் இருந்தார்கள். மண்டபம் நிறைந்த சனத்தில் கலகம் பற்றியும், ஊரில் ஆயுத இயக்கங்கள் முளைத்துப் பிரிவது பற்றியும் அறியாதவர் எவரும் இல்லை. பத்திநாதர் கோலோடு வந்து குடியானவர்களை எழும்பச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அண்ணை, இவர் எந்த இயக்கம்?"

"தனி இயக்கம்" என்று வேறொரு குரல் பதில் சொன்னது. "இன்னும் பிரியேல்லை."

கொன்ஸ்தந்தீனாக வந்த பேனாட், அருட்பிரகாசம் கடையில் அரிசி மூட்டை தள்ளுகிற வண்டியில் ஏறி உருண்டு வந்தார். பத்திநாதர் அவரை வண்டியில் வைத்தே கொன்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொல்கிறவர் என்பதால் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் குத்தினார். பிறகு முடியைக் கழற்றி மெத்தையில் வைத்தார். விருத்தம் தொடங்கியது. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் கண் முன்வரிசைக்குப் போய்விட்டது. பல்கேரியர் கதிரை நுனிக்கு வந்து, தன்னை அறியாமல், இரண்டு கையாலும் தன் தலையில் எதையோ கவிழ்ப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தார்.

நாலாம் வரியைப் பத்திநாதர் பாடவில்லை. முடியை எடுத்துத் தன் தலையில் வைத்தார்.

மத்தளம் நின்றது. திரை விலகியது. சரிகை உடுப்பும் சால்வையும் வாளுமாக, வெறுந்தலையோடு, அருட்பிரகாசம் வெளிப்பட்டார்.

"தாடா" என்றார் பல்லுக்குள்ளால்.

 கொடுத்துவிடலாம் என்றுதான் பத்திநாதர் நினைத்தார். கை மேலே போகவில்லை. "அண்ணை, இறுகிப்போச்சு" என்றார். அது பொய். முடி அவருக்கு இரண்டு விரல் பெரிது.

சபைக்கு ஏதோ சொல்லியாக வேண்டும். அண்ணாவியார் வின்சன்ற் தாளத்தைத் தட்டினார். துடைப்பத்தில் வந்த பயிற்சி கைகொடுத்தது:

"கேளுங்கள் சபையோரே, கிரேக்கர் படைதுணையாய்
ஆளவந்த ஆசென் அதோவந்து நின்றானே!"

ஒரே மூச்சில் அருட்பிரகாசம் எதிரி அரசனாகிவிட்டார். ஆனால் அவருக்குப் பாடமாயிருந்தது இவாய்லோவின் பாட்டு மட்டுந்தான். "இவாய்லோ மன்னன் நானே" என்று மார்பில் தட்டிப் பாடினார். பத்து ஒத்திகையில் அதே பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த பத்திநாதரும் "இவாய்லோ மன்னன் நானே" என்று திருப்பிப் பாடினார். ஒரு சிம்மாசனத்துக்கு இரண்டு பேர் உரிமை கேட்பதை நம்முடைய சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"உதிலை ஆரடி உண்மையான ஆள்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மீசைக்காரி ஆரைக் கட்டுறாளோ அவன்தான்" என்றாள் மற்றவள்.

தவரத்தினம் முந்தானையை வாயில் கடித்தபடி நடுவில் வந்து நின்றார். ஒரு பக்கம் முடியோடு கோப்பை கழுவுகிறவர். மறுபக்கம் முடியில்லாத முதலாளி. நாளைக் காலை எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். அரசியின் நெற்றியில் வேர்வை பொட்டை அழித்தது. ஆனால் தவரத்தினம் அண்ணாவியாரின் கொப்பிக்கு விசுவாசமான மனிதர். கொப்பியில் 'முடி வைத்தவர் கையைப் பிடிக்கவும்' என்று எழுதியிருந்தது. பிடித்தார். பிடித்தபடி முதலாளியைத் திரும்பிப் பார்த்து, "கொப்பியிலை அப்பிடித்தான் கிடக்கண்ணை" என்று மெல்லச் சொன்னார்.

மணி ஐந்தே முக்கால். பிந்தித் தொடங்கியதால் மிச்சப் பாட்டுகளை விட்டுவிட்டு, இனி இவாய்லோ தாத்தாரியரின் விருந்தில் சாக வேண்டும். செத்துப்போன பேனாட் தாடி ஒட்டிக்கொண்டு நொகாயாகத் திரும்பி வந்து, கோப்பையை நீட்டி, வாளையும் ஓங்கினார். ஓங்கிய வாள் ஓங்கியபடியே நின்றது. பத்திநாதர் பாடிக்கொண்டிருந்தார். அரசனின் பாட்டுகள் இருபத்துநாலு; ஒன்றையும் விடுவதாக இல்லை.

"பத்தி, சா" என்றார் அண்ணாவியார் தாளத்துக்குள்.

பத்தி பதினோராவது பாட்டுக்குப் போனார்.

"எனக்குக் கை உளையுதடா" என்றார் நொகாய்.

"டேய், ஆறு மணியாகுது, சாவடா!" என்றார் அண்ணாவியார்.

கதவு திறந்தது. திறப்புக்கோர்வை கிலுங்கிற்று. மதாம் ஜெர்மேன் நடுவழியால் நேரே மேடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடி, கையில் மணிக்கூடு. "மிசியே, ஆறு மணி."

பாட்டு நின்றது. பத்திநாதரின் தோள் பழக்கப்படி கீழே இறங்கத் தொடங்கியது. தோள் இறங்க, பெரிய முடி கண்ணுக்கு மேல் சரிந்தது. அதைப் பிடிக்க நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே, தன்னிடம் இருந்த முழுப் பிரெஞ்சையும் செலவழித்தார்.

"மதாம், பொறுங்கோ. நான் இன்னும் சாகவில்லை."

மதாம் ஜெர்மேன் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். அந்த மண்டபத்தில் முப்பது வருடமாக பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாடு நாடகங்கள் பார்த்தவர். சாவுக்கு நேரம் தேவை என்பது தெரியும்.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம்."

"ஐந்து."

"மதாம், அரசன்" என்றார் பத்திநாதர் தன் நெஞ்சைத் தொட்டு. "பத்து."

"சரி. பத்து." முன்வரிசையில் பல்கேரியரின் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவரும் இருந்தார்.

பதினெட்டுச் சாவின் அனுபவமும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து இறங்கியது. விருந்துக் கோப்பையை வாங்கினார், குடித்தார், யார் குத்தியது என்று திரும்பிப் பார்த்தார், குத்தியவனை மன்னித்தார், ஒரு முழங்காலில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்தார். கடைசி வரியை மல்லாந்து கிடந்துகொண்டு பாடினார். பல்கேரியர் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். மதாம் ஜெர்மேன் கைக்குட்டையைத் தேடினார். மரியநாயகி பக்கத்தில் இருந்தவளிடம், "வீட்டிலை தடிமன் காய்ச்சல் வந்தாலும் உப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டு அழுதாள்.

இப்போது ஒரு சிக்கல். கூத்தில் சேவகன் செத்தால் வெளிச்சம் குறைகிறபோது தானாக எழும்பிப் போய்விடலாம். அரசன் செத்தால் அப்படிப் போகக் கூடாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தூக்க வேண்டிய சேவகர் இருவரும் இரவு வேலைக்குப் பிந்திவிடும் என்று உடுப்பு மாற்றிப் போய்விட்டிருந்தார்கள். பேனாட்டின் கை வாள் பிடித்து விறைத்திருந்தது. மேடையில் மிச்சமிருந்த ஆண் வேடம் அருட்பிரகாசம்.

சபை பார்த்துக்கொண்டிருந்தது. அருட்பிரகாசம் மரபு தெரிந்தவர்; நாலு தலைமுறையாக மரபை வைத்தே வாழ்ந்த வீட்டுக்காரர். வாளைக் கீழே வைத்தார், குனிந்தார், பத்திநாதரைத் தூக்கினார்.

"என்ன பாரமடா நீ" என்றார் உதடு அசையாமல்.

"செத்தவன் பாரந்தானண்ணை" என்றார் பத்திநாதர், கண்ணைத் திறவாமல்.

"முடியைத் தா."

"செத்தவன் என்னண்டு தாறது?"

"கீழை போட்டுடுவன்."

"சனம் பாக்குது, அண்ணை."

அருட்பிரகாசம் கீழே போடவில்லை. மூச்சு வாங்க, ஒவ்வொரு அடியாக, மத்தளத்துக்குக் கால் தவறாமல், திரைக்குப் பின்னால் கொண்டுபோய் உடுப்பு மாற்றுகிற அறையின் வாங்குப் பலகையில் மெதுவாகக் கிடத்தினார். வெளியே கைதட்டல் நிற்கவில்லை. அது யாருக்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்திநாதர் எழும்பி இருந்தார். முடியைக் கழற்றினார். உள்விளிம்பில் இருந்த வேர்வையைத் தன் தோள்துண்டால் துடைத்தார். தோள்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டிருந்தன. இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்கோ, அண்ணை."

அருட்பிரகாசம் வாங்கி, கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுவரில் இருந்த கைகழுவும் தொட்டிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைத் தன் தலையில் வைத்தார். அவருக்கு அது அளவாக இருந்தது. நாடியை உயர்த்திப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வடிவாக் கிடக்கண்ணை" என்றார் பத்திநாதர். மனதாரத்தான் சொன்னார்.

"பின்னை" என்றார் அருட்பிரகாசம்.

வெளியே மதாம் ஜெர்மேன் கதிரைகளை அடுக்கச் சொல்லிக் கைதட்டினார். பத்திநாதர் எழுந்து போனார். பின் இராசா கண்ணாடியை விட்டு வர இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.